பக்கவாதத்துக்கு அப்புறம் லுடியோலின் கேப்ஸ்யூல்: அந்த 250 பேர் ஆய்வை நம்பி ஆரம்பிக்கலாமா?

கடல்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது. மூளையோட இடது பக்கம் அடைப்பு, அதனால வலது கை கால்ல பாதிப்பு. கால் ஓரளவுக்கு வந்துடுச்சு, வாக்கர் புடிச்சு நடக்கறாரு. பேச்சும் திரும்பிடுச்சு, சில வார்த்தைக்கு மட்டும் தடுமாறுறாரு. கைதான் கவலையா இருக்கு. தோள்பட்டைய தூக்கறாரு, முழங்கை மடங்குது, ஆனா விரல் விரிய மாட்டேங்குது. மூடினா மூடினபடியே நிக்குது, இடது கையால ஒவ்வொரு விரலா பிரிச்சு விடறாரு.

சித்தப்பா ஒரு கேப்ஸ்யூல் பத்தி அனுப்பியிருக்காரு. லுடியோலின்னு ஒரு ஃப்ளேவனாய்டு, அதாவது காய்கறி, பழத்துல இருக்கற ஒரு வகைப் பொருள், அதோட பிஇஏன்னு ஒண்ணு சேர்த்தது. இத்தாலியில 250 ஸ்ட்ரோக் நோயாளிங்களுக்கு குடுத்து பாத்ததுல நரம்பு ஸ்கோர், ஞாபக ஸ்கோர், தசை இறுக்கம், வலி, அன்றாட வேலை எல்லாத்துலயும் முன்னேற்றம்னு 2016ல பேப்பர் வந்திருக்கு. நான் தேடிப் படிச்சேன், உண்மையான மருத்துவ ஜர்னல்ல வந்ததுதான், சும்மா ஃபார்வர்டு மெசேஜ் இல்ல. 250 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கையும் இல்லையே. அப்படின்னா டாக்டருங்க ஏன் இத பத்தி ஒரு வார்த்தைகூட சொல்ல மாட்டேங்கறாங்க? மூணு மாசத்துக்குள்ள வர்ற முன்னேற்றம்தான் முக்கியம்னு வேற சொல்றாங்க, அதனால யோசிச்சு யோசிச்சு நாள் வீணாப் போயிடுமோன்னு பயமா இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெதுநடை:
தம்பி, எனக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப நான் இத எடுத்தேன். சொல்லப்போனா எனக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. ரெண்டாவது மாசம் ஆரம்பிச்சேன், கொஞ்ச நாள்லயே கை இறுக்கம் கொறஞ்சுது, மண்டைக்குள்ள ஒரு மந்தம் இருந்துச்சு பாருங்க அதுவும் தெளிஞ்சுது. பக்க விளைவுன்னு ஒண்ணும் இல்ல. ஆய்வு கீய்வெல்லாம் எனக்குத் தெரியாது, என் உடம்பு சொன்னத சொல்றேன். அப்பாவுக்கு குடுத்துப் பாருங்க, நல்லதே நடக்கும்.

எண்ணும்எழுத்தும்:
நான் மருந்து ஆய்வுகளோட டேட்டா பாக்குற வேலையில இருக்கேன், டாக்டர் கிடையாது, அதனால ஆய்வை எப்படி படிக்கணும்ங்கறத மட்டும் சொல்றேன்.

கடல்காற்று, அந்த பேப்பர திரும்ப எடுத்து ஒரே ஒரு விஷயம் தேடுங்க: கேப்ஸ்யூல் வாங்காத ஆளுங்க எத்தனை பேர்? ஒருத்தரும் இல்ல. 250 பேருக்கும் அதே கலவை, 60 நாள், ஆரம்பத்துல ஒரு அளவு, 30 நாள்ல ஒரு அளவு, முடிவுல ஒரு அளவு. பக்கத்துல வச்சுப் பாக்க கன்ட்ரோல் குரூப் கிடையாது, பிளாசிபோன்னு சொல்ற மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கிடையாது, யாருக்கு என்ன குடுத்தோம்னு மறைக்கவும் இல்ல. அதுவும் இந்த 250 பேரும் யாரு? ரீஹேப்ல இருக்கறவங்க. அதாவது தினமும் பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே கேப்ஸ்யூலும் போகுது. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு முதல் மூணு மாசத்துல மூளை தானாவே நெறைய திரும்பப் புடிக்கும், வீக்கம் வடியும், அடிபட்ட எடத்தச் சுத்தி மயக்கத்துல இருந்த நரம்பு செல்லுங்க மறுபடி வேலைக்கு வரும், பக்கத்து வழியெல்லாம் புதுசா இணையும், இது மருந்தே இல்லாம நடக்கறது. காய்ச்சல் தானா எறங்கற அன்னிக்கு எந்த மாத்திரை போட்டிருந்தாலும் அந்த மாத்திரைக்குத்தான் நல்ல பேர் கிடைக்கும், இல்லையா, அதே கதைதான்.

அதனால "250 பேருக்கும் ஸ்கோர் ஏறுச்சு"ங்கறது உண்மையா இருக்கலாம், நான் அத சந்தேகப்படல. ஆனா அந்த 250 பேருக்கும் கேப்ஸ்யூல் குடுக்காம விட்டிருந்தா எவ்வளவு ஏறியிருக்கும்னு அந்த ஆய்வால சொல்லவே முடியாது. நமக்கு வேண்டிய கேள்வியே அதுதான். எண்ணிக்கைய 250லேர்ந்து 2500 ஆக்கினாலும் இந்தக் குறை போகாது. ஒப்பிட ஆள் இல்லாத எடத்துல ஆள் கூடறதுனால பதில் வர்றதில்ல.

இன்னும் சில சின்ன விஷயம். ஞாபக ஸ்கோர்னு சொன்னது எம்எம்எஸ்இ, 30 மார்க் டெஸ்ட். அதே கேள்விய ஒரு மாசம் கழிச்சு மறுபடி கேட்டா பழக்கத்துலயே ரெண்டொரு மார்க் கூட வரும். அன்றாட வேலைக்கு பார்த்தெல் இண்டெக்ஸ், 100க்கு. சாப்பிடறது, டிரஸ் பண்றது, பாத்ரூம் போறது, மாடிப்படி ஏறறது இப்படி பத்து விஷயம். இதுல முக்கால்வாசி இடது கையால செய்யப் பழகிக்கிட்டாலே மார்க் ஏறிடும், வலது கை ஒரு விரலும் அசைய வேண்டியதில்ல. உங்க அப்பா விஷயத்துல நீங்க கேக்கறது விரல் விரியுமான்னுதான், அந்த ஸ்கோருக்கு அது தெரியாது.

வானவில்:
நீங்க சொல்றது புரியுது, ஆனா இத ஒரேயடியா தள்ளறது சரியில்லன்னு எனக்குப் படுது. உயிரியல் ரீதியா இதுக்கு அர்த்தம் இருக்கு. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மூளையில இருக்கற மைக்ரோக்ளியா, மாஸ்ட் செல்னு சொல்ற நோய் எதிர்ப்பு செல்லுங்க கெளம்பி அழற்சிய கெளப்பி விடுது, அடைப்பால செத்த பகுதிக்கு மேலயும் சேதம் பரவுது. லுடியோலின் அந்த அழற்சிய கெளப்பற என்எஃப் கப்பா பி வழிய அடக்குதுன்னு செல் ஆய்வு நெறைய இருக்கு. பிஇஏவோட கதைய ஆரம்பிச்சு வச்சது நோபல் பரிசு வாங்கின ரீட்டா லெவி-மோன்டால்சினியோட குழு, 1993ல மாஸ்ட் செல்ல அடக்கற விஷயத்த வச்சு. அந்த 2016 பேப்பர்லயே எலிக்கு மூளையோட நடு ரத்தக்குழாய அடைச்சு பாத்ததுல சேதம் கொறஞ்சுதுன்னு காட்டியிருக்காங்க, எலியில கன்ட்ரோல் குரூப் இருந்துச்சே! குவெர்செட்டின், பைகலீன், ஹெஸ்பெரிடின்னு மத்த ஃப்ளேவனாய்டுங்களுக்கும் எலியில இதே மாதிரி முடிவுங்க குவிஞ்சு கெடக்கு. இவ்வளவு பேர் இவ்வளவு வருஷமா ஒரே திசைய காட்டும்போது அதுல ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட முடியுமா?

எண்ணும்எழுத்தும்:
ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லலங்க. எலியில வேலை செய்யுதுங்கறத ஏத்துக்கறேன். ஆனா ஸ்ட்ரோக் துறையில எலியில ஜெயிச்சு மனுஷங்ககிட்ட தோத்த மருந்துங்களோட வரிசை ரொம்ப ரொம்ப நீளம். 2006ல ஒரு குழு உக்காந்து எண்ணிப் பாத்தாங்க, அது வரைக்கும் ஸ்ட்ரோக்குக்குன்னு ஆய்வுக்கூடத்துலயும் நோயாளிங்ககிட்டயும் முயற்சி பண்ணின சிகிச்சைங்க 1026. அதுல அப்ப மருத்துவமனை வரைக்கும் வந்து நெலைச்சது க்ளாட்ட கரைக்கற மருந்து, ஆஸ்பிரின் மாதிரி விரல் விட்டு எண்ற அளவுதான். என்எக்ஸ்ஒய்-059ன்னு ஒரு மருந்து, அதுவும் ஆக்சிஜனேற்றத்த தடுக்கற வகைதான், எலி குரங்கு ரெண்டுலயும் பிரமாதம், முதல் பெரிய மனித ஆய்வுலகூட லேசா பலன் தெரிஞ்சுது, அப்புறம் 2007ல 3000 பேருக்கு மேல வச்சு ரெண்டாவது ஆய்வு வந்தப்ப ஒரு வித்தியாசமும் இல்ல, அத்தோட கைவிட்டுட்டாங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, எலி ஆய்வுல இருக்கறது பெரும்பாலும் சின்ன வயசு ஆரோக்கியமான ஆண் எலி. சுகரும் இல்ல பிபியும் இல்ல. அடைப்பு எத்தனை மணிக்கு போட்டோம்னு நிமிஷக் கணக்கா தெரியும், அது முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே, சில ஆய்வுல அதுக்கு முன்னாடியே, மருந்து நேரா வயித்துக்குள்ள ஊசியா போயிடும். உங்க அப்பாவுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. எலியில எந்த சேதத்த தடுத்தாங்களோ அந்த சேதமெல்லாம் முதல் சில மணி நேரம், சில நாள்ல முடிஞ்சு போன விஷயம். இப்ப அவருக்கு நடக்கறது காப்பாத்தற கட்டம் இல்ல, திரும்பக் கத்துக்கற கட்டம். வேற உயிரியல்.

அழற்சிய அடக்கினா நல்லதுதானேங்கற எண்ணமும் அவ்வளவு நேரா போறதில்ல. அதே மைக்ரோக்ளியாதான் செத்த செல்ல சுத்தம் பண்ணுது, பழுது பாக்கவும் உதவுது. என்லிமோமாப்னு ஒரு ஆன்டிபாடி, வெள்ளை அணுங்க மூளைக்குள்ள நுழையறத தடுக்கறதுக்காக செஞ்சது. 625 நோயாளிங்ககிட்ட பாத்தாங்க, 2001ல முடிவு வந்துச்சு, மருந்து வாங்கினவங்க பிளாசிபோ வாங்கினவங்கள விட மோசமா இருந்தாங்க. லுடியோலின் அப்படி பண்ணும்னு சொல்ல வரல. தர்க்கம் சரியா இருக்குங்கறது மட்டும் போதாதுன்னு சொல்றேன்.

அப்புறம் இன்னொண்ணு, அந்த கலவையில பத்து பங்கு பிஇஏ, ஒரு பங்குதான் லுடியோலின். பிஇஏ ஃப்ளேவனாய்டே கிடையாது, நம்ம உடம்புலயே உருவாகற ஒரு கொழுப்புப் பொருள். அதனால பலன் இருந்தாலும் அத "ஃப்ளேவனாய்டு பலன்"னு சொல்லி கடையில கெடைக்கற தனி லுடியோலினுக்கோ குவெர்செட்டினுக்கோ ஒட்ட முடியாது. ஃப்ளேவனாய்டுங்கள வாயால முழுங்கினா குடல் சுவர்லயும் கல்லீரல்லயும் வேற ரூபமா மாறித்தான் ரத்தத்துக்குப் போகும். தட்டுல செல்லு வளத்து மேல ஊத்தின அதே பொருள், அதே அளவுல மூளைக்குப் போய்ச் சேருதுன்னு நெனைக்கவே கூடாது.

கடல்காற்று:
ரொம்ப நன்றிங்க, இத நான் இப்படி யோசிக்கல. ஆனா ஒரு சந்தேகம். கன்ட்ரோல் குரூப் வச்சு நல்லா பண்ணின சின்ன ஆய்வு ஒண்ணு இருந்தா அத நம்பலாம்தானே? இதுக்கு அப்படி ஒண்ணு நாளைக்கு வந்தா?

எண்ணும்எழுத்தும்:
அருமையான கேள்வி, இதுக்கு ஸ்ட்ரோக் மீட்புலயே ஒரு கதை இருக்கு, கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சா மத்த சப்ளிமென்ட் எதப் பாத்தாலும் எடை போட வரும்.

ஃப்ளூக்ஸெட்டின்னு மனச்சோர்வுக்கு குடுக்கற மாத்திரை. 2011ல ஃபிரான்ஸ்ல ஃப்ளேம்னு ஒரு ஆய்வு. 118 பேர், பாதிப் பேருக்கு 20 மி.கி. ஃப்ளூக்ஸெட்டின், பாதிப் பேருக்கு பிளாசிபோ, ஸ்ட்ரோக் வந்து 5லேர்ந்து 10 நாளுக்குள்ள ஆரம்பிச்சு மூணு மாசம். யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, அளக்கறவங்களுக்கும் தெரியாது. நம்ம 250 பேர் ஆய்வ விட எவ்வளவோ ஒழுங்கான ஆய்வு. ஃபியூகல்-மேயர்னு கை கால் அசைவ அளக்கற ஸ்கோர், 100க்கு. மாத்திரை வாங்கினவங்களுக்கு சராசரியா 34 பாயின்ட் ஏறுச்சு, பிளாசிபோவுக்கு 24. உலகம் முழுக்க டாக்டருங்க நிமிந்து உக்காந்தாங்க, எத்தனையோ பேருக்கு எழுதிக் குடுக்கவும் ஆரம்பிச்சாங்க. இங்க ஒரு நிமிஷம் நின்னு அந்த 24ஐப் பாருங்க. வெறும் மாவு மாத்திரை வாங்கினவங்களுக்கு 24 பாயின்ட் ஏறியிருக்கு! பிளாசிபோ குரூப் இல்லாம அந்த ஆய்வ பண்ணியிருந்தா "34 பாயின்ட் முன்னேற்றம்"னு மொத்தத்தையும் மருந்து கணக்குல எழுதியிருப்பாங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, பெரிய ஆய்வுங்க வந்துச்சு. பிரிட்டன்ல ஃபோகஸ், 3127 பேர், ஆறு மாசம். ஸ்வீடன்ல எஃபெக்ட்ஸ், 1500 பேர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாம் சேந்து அஃபினிட்டி, 1280 பேர். மூணுலயும் அன்றாட வாழ்க்கையில எவ்வளவு மத்தவங்கள சார்ந்து இருக்காங்கங்கற அளவுல ஒரு வித்தியாசமும் இல்ல. ஃபோகஸ்லயும் எஃபெக்ட்ஸ்லயும் மனச்சோர்வு கொஞ்சம் கொறஞ்சுது, அது நெஜம். ஆனா ஃபோகஸ்ல எலும்பு முறிவு பிளாசிபோவுக்கு 1.47 சதவீதம், மாத்திரைக்கு 2.88 சதவீதம், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஏற்கெனவே தடுமாறி நடக்கறவங்களுக்கு இது சின்ன விஷயமா? பக்க விளைவு இல்லன்னு நெனைச்ச மாத்திரையோட பக்க விளைவு தெரியறதுக்கே 3000 பேர் தேவைப்பட்டுச்சு.

அதனால உங்க கேள்விக்கு பதில், நல்ல சின்ன ஆய்வு வந்தா அது பெரிய ஆய்வு நடத்தறதுக்கு காரணம், அப்பாவுக்கு ஆரம்பிக்கறதுக்கு காரணம் ஆகாது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் லுடியோலின் கலவை ஸ்ட்ரோக் மீட்புல ஃப்ளேம் நின்ன எடத்துக்கே இன்னும் வரல.

வானவில்:
இது நியாயமான வாதம். ஜின்கோன்னு ஒரு மரத்தோட இலைச் சாறு விக்கறாங்களே, அது பத்தியும் கேக்கணும்னு இருந்தேன், அதுலயும் ஃப்ளேவனாய்டுதானே அதிகம்?

எண்ணும்எழுத்தும்:
ஆமா, ஆய்வுல பயன்படுத்தற ஜின்கோ சாறுல ஃப்ளேவனாய்டு வகை 24 சதவீதம் இருக்கற மாதிரி தரப்படுத்துவாங்க. ஸ்ட்ரோக் மீட்புக்கு அத பாத்த ஆய்வுங்கள காக்ரேன்னு மருத்துவ ஆய்வுங்கள சேத்து எடை போடற குழு 2005ல தொகுத்தாங்க, தரமான ஆய்வுங்கள மட்டும் எடுத்தா நம்பற மாதிரி ஆதாரம் இல்லன்னு முடிச்சாங்க. புயராரின்னு இன்னொரு ஃப்ளேவனாய்டு, ஊசியா போடறது, அதுக்கும் காக்ரேன் பாத்துட்டு போதாதுன்னுதான் சொன்னாங்க. கோகோ ஃப்ளேவனால வச்சு 21,000 பேருக்கு மேல காஸ்மோஸ்னு ஒரு நல்ல பெரிய ஆய்வு 2022ல வந்துச்சு, ஆனா அது இதய நோய், ஸ்ட்ரோக் எல்லாம் வராம தடுக்குமான்னு பாத்தது, வந்தவங்க மீட்பு பத்தி இல்ல. அதுலயும் முக்கியமா பாக்கணும்னு முன்னாடியே வச்ச கேள்விக்கு தெளிவான பலன் வரல, இதய நோய் சாவு மட்டும் கொறைவா இருந்துச்சு, அது ரெண்டாம் நிலை கேள்வி.

பிசியோ_அக்கா:
நான் ஸ்ட்ரோக் ரீஹேப் பிசியோதெரபிஸ்ட். மருந்து விவாதத்துல நான் தலையிடல, ஆனா கடல்காற்று சொன்ன அந்த விரல் விஷயத்துக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும்.

தம்பி, அப்பாவோட முன்கைய மேசை மேல வச்சு, உள்ளங்கை கீழ பாத்த மாதிரி, மணிக்கட்டு மேசை ஓரத்துல தொங்கற மாதிரி வச்சுக்கோங்க. இப்ப "கையை மேல தூக்குங்க"ன்னு சொல்லுங்க. தோள்பட்டை ஏறும், உடம்பு சாயும், அதெல்லாம் விட்டுட்டு மணிக்கட்ட மட்டும் பாருங்க. கொஞ்சமாவது மேல வருதா? வந்துச்சுன்னா, விரல்ல ஒரு துளி அசைவாவது இருந்துச்சுன்னா, நெலமையே வேற. கட்டாயப் பயன்பாட்டு பயிற்சின்னு ஒண்ணு இருக்கு, நல்ல கைக்கு உறை போட்டு பூட்டி வச்சுட்டு பாதிச்ச கையாலயே வேலை வாங்கறது. அதுக்கு எக்ஸைட்னு 2006ல வந்த ஆய்வு, 222 பேர், ஸ்ட்ரோக் வந்து 3லேர்ந்து 9 மாசம் ஆனவங்க, ரெண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் வரைக்கும் பயிற்சி, வழக்கமான கவனிப்போட ஒப்பிட்டு பாத்தாங்க, பலன் ஒரு வருஷம் கழிச்சும் நின்னுச்சு. அதுல சேர்றதுக்கே மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரியணும்னு விதி இருந்துச்சு. அதனால அந்த சின்ன அசைவ தேடச் சொல்றேன். அசைவே இல்லன்னா கண்ணாடி சிகிச்சை (நல்ல கையோட பிம்பத்த கண்ணாடியில பாத்துக்கிட்டே பயிற்சி செய்யறது), மின் தூண்டல்னு வேற வழிங்க இருக்கு. கண்ணாடி சிகிச்சைக்கு 62 ஆய்வுங்கள சேத்து 2018ல காக்ரேன் பாத்துட்டு கை அசைவுக்கு பலன் இருக்குன்னு சொல்லியிருக்காங்க, பெரிய அதிசயம்னு சொல்லல, இருக்குன்னு சொன்னாங்க.

என் மனசுல இருக்கறது இதுதான். ரீஹேப்ல உண்மையில எத்தனை தடவை கைய அசைக்க வைக்கறாங்கன்னு ஒரு குழு பக்கத்துலயே நின்னு எண்ணியிருக்காங்க, 2009ல. ஒரு செஷனுக்கு சராசரி 32 தடவை, கைய வச்சு ஒரு வேலை செய்யற அசைவு. எலி குரங்கு ஆய்வுல மூளை மாறுதுன்னு காட்டினதெல்லாம் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல. வானவில் சொன்னாங்களே, எலியில நல்லா வேலை செய்யுதுன்னு. எலியில வேலை செஞ்ச இந்த விஷயத்த மட்டும் ஏன் யாரும் கேப்ஸ்யூல் மாதிரி தேடி ஓட மாட்டேங்கறாங்கன்னு எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். எங்க எடத்துக்கு வர்ற குடும்பங்கள பாக்கறேன், மேசை மேல நாலு டப்பா சப்ளிமென்ட் இருக்கும், அரை மணி நேர வீட்டுப் பயிற்சிக்கு ஆள் இருக்காது.

எண்ணும்எழுத்தும்:
அக்கா, நீங்க சொல்றத மதிக்கறேன், ஆனா அதே தராசுல இதையும் போடணும். எண்ணிக்கைய கூட்டினா பலன் கூடுமான்னு நேரடியா பாத்த ஆய்வுங்க ஏமாத்தமா முடிஞ்சிருக்கு. 85 பேரை குரூப் குரூப்பா பிரிச்சு மொத்தமா 3200, 6400, 9600 தடவைன்னு செய்ய வச்சாங்க, 2016ல, கூடச் செஞ்சவங்களுக்கு கூட வரல. ரொம்ப சீக்கிரம் எழுப்பி நடக்க வச்சா நல்லதுன்னு நெனைச்சு அவெர்ட்னு 2104 பேர்ல பாத்தாங்க, முதல் 24 மணி நேரத்துலயே அடிக்கடி எழுப்பினவங்க 46 சதவீதம் பேர்தான் நல்லா வந்தாங்க, வழக்கமா பாத்துக்கிட்டவங்க 50 சதவீதம்.

பிசியோ_அக்கா:
தெரியும் சார், அவெர்ட்டுக்கு அப்புறம் நாங்களே முதல் நாள் பழக்கத்த மாத்திக்கிட்டோம். ஆய்வு சொன்னா மாத்தணும், அதுல எனக்கு மறுப்பே இல்ல. அந்த 85 பேர் ஆய்வப் பத்தி என் கருத்து, அதுல கொறைஞ்ச குரூப்பே 3200 தடவை, வழக்கமா கெடைக்கறத விட அதிகம், அதுவும் எல்லாரும் ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசம் தாண்டினவங்க. லண்டன்ல குயீன் ஸ்கொயர்ல மூணு வாரத்துல 90 மணி நேரம் கைக்கு மட்டும் பயிற்சி குடுத்த 224 பேரோட முடிவு 2019ல வந்துச்சு, நல்ல முன்னேற்றம், ஆறு மாசம் கழிச்சும் நின்னுச்சு.

எண்ணும்எழுத்தும்:
அதுலயும் கன்ட்ரோல் குரூப் இல்ல அக்கா, 250 பேர் ஆய்வு மாதிரியேதான். ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு, அத நானே சொல்லிடறேன். அந்த 224 பேர்ல பாதிக்கு மேல ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை வருஷம் ஆனவங்க. தானா ஏறுற காலம் முடிஞ்சு ஒரே எடத்துல நின்னவங்க, மூணு வாரத்துல ஏறினாங்கன்னா பயிற்சி மேல சந்தேகம் கம்மியாத்தான் வரும். கேப்ஸ்யூல் ஆய்வுல அந்த வசதி இல்ல, அதுல ரீஹேப் நடந்துக்கிட்டே இருக்கு. ஒரே மாதிரி குறை உள்ள ரெண்டு ஆய்வுக்கு ஒரே எடை குடுக்கத் தேவையில்ல, எந்த நேரத்துல யாரை அளந்தாங்கன்னு பாக்கணும்.

மெதுநடை:
எல்லாம் படிச்சேன். நீங்கல்லாம் படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். ஆனா நான் கேக்கறேன், தீங்கு இல்லன்னா எடுத்துட்டுப் போகட்டுமே? ஸ்ட்ரோக் வந்தவனுக்கு எதையாவது செய்யறோம்ங்கற தெம்பு வேணும். காலையில எந்திரிச்சு கை அசையாம கெடக்கும்போது அந்த தெம்பு எங்கேர்ந்து வரும்? நான் அந்த டப்பாவ தெறக்கும்போதெல்லாம் இன்னிக்கு கொஞ்சம் முன்னேறுவோம்னு நெனைச்சுத்தான் பயிற்சிக்கே உக்காந்தேன்.

பிசியோ_அக்கா:
அண்ணா, நீங்க சொல்ற தெம்பு சாதாரண விஷயமே இல்ல, அத நான் தினமும் பாக்கறேன். நீங்க உக்காந்து செஞ்ச பயிற்சிக்கு கெடைக்க வேண்டிய பேரு டப்பாவுக்கு போயிடக் கூடாதுன்னுதான் எனக்கு. கை இறுக்கம் கொறஞ்சது உங்க உழைப்பு அண்ணா.

மருந்துச்சீட்டு:
நான் ஃபார்மசிஸ்ட். "தீங்கு இல்லன்னா"ங்கற அந்த எடத்துல நிக்கறேன். கடல்காற்று, அப்பா வேற என்னென்ன மாத்திரை எடுக்கறாரு? ஸ்ட்ரோக் அடைப்பாலயா இல்ல இதயத் துடிப்பு பிரச்சனையாலயா? இது தெரியாம யாரும் எதுவும் சொல்லக் கூடாது.

கடல்காற்று:
இதயத் துடிப்பு சீரா இல்ல, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொன்னாங்க, அதுலேர்ந்து க்ளாட் போய் அடைச்சிருக்கு. அபிக்ஸாபான் ரெண்டு வேளை, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் ராத்திரி, பிபிக்கு அம்லோடிபின் காலையில. சித்தப்பா அனுப்பின டப்பாவோட லேபிள பாத்தேன், லுடியோலின், பிஇஏ தவிர குவெர்செட்டின், ருட்டின், ஜின்கோ சாறுன்னும் சின்ன எழுத்துல போட்டிருக்கு. அந்த ஆய்வுல குடுத்தது இது இல்லன்னு இப்பத்தான் கவனிக்கறேன்.

மருந்துச்சீட்டு:
லேபிள படிச்சீங்களே, அதுவே பாதி வேலை. இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

அபிக்ஸாபான் ரத்தம் உறையறத தடுக்கற மாத்திரை. உங்க அப்பாவுக்கு ரெண்டாவது ஸ்ட்ரோக் வராம காக்கறது முக்கியமா அதுதான். அது உடம்புல உடைஞ்சு வெளியேறறதுக்கு சிஒய்பி3ஏ4ன்னு ஒரு நொதியும், பி-கிளைகோபுரோட்டீன்னு ஒரு கடத்தியும் வேணும். குவெர்செட்டின் மாதிரி ஃப்ளேவனாய்டுங்க இந்த ரெண்டையும் ஆய்வுக்கூடத்துல தடுக்குது. மனுஷ உடம்புல எவ்வளவு தூரம் தடுக்கும்ங்கறது டோஸ், ஆள பொறுத்து மாறும். அபிக்ஸாபானுக்கு, வார்ஃபரின்ங்கற பழைய மாத்திரை மாதிரி, ரத்தம் உறையற வேகத்த காட்டற ஐஎன்ஆர் டெஸ்ட அடிக்கடி பாத்து சரி பண்ற வழக்கமும் கிடையாது, அதனால அளவு ஏறினாலும் ரத்தக்கசிவு வர்ற வரைக்கும் வெளிய தெரியாது. அடோர்வாஸ்டாட்டினும் அதே நொதி வழியாத்தான் போகுது, அதோட அளவு ஏறினா தசை வலி, தசை சேதம்.

ஜின்கோவுக்கு வருவோம். ஜெம்னு ஒரு பெரிய ஆய்வு, 3069 வயசானவங்க, சராசரியா ஆறு வருஷம், 120 மி.கி. ரெண்டு வேளை. மறதி நோய தடுக்குமான்னு பாத்தாங்க, தடுக்கல. அதுல ரத்தக்கசிவு ஸ்ட்ரோக் ஜின்கோ குரூப்ல 16, பிளாசிபோ குரூப்ல 8. எண்ணிக்கை சின்னது, தற்செயலாவும் இருக்கலாம், அதனால ஜின்கோ ரத்தக்கசிவ உண்டாக்கும்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடற, மூளையில ஒரு காயம் ஆறிக்கிட்டு இருக்கற ஒருத்தருக்கு, பலன்னு காட்ட ஒரு நல்ல ஆய்வும் இல்லாத பொருளுக்காக அந்த சந்தேகத்த ஏத்துக்கச் சொல்ல என்னால முடியாது. மெதுநடை அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலன்னா சந்தோஷம், அவரு மாத்திரை வேற, இவரு மாத்திரை வேற.

சப்ளிமென்ட்னு விக்கறதுக்கு பெரும்பாலான நாடுங்கள்ல மருந்து மாதிரி பலன நிரூபிச்சுட்டு வரணும்னு விதி இல்ல. அமெரிக்காவுல 1994ல வந்த சட்டமே அப்படித்தான், சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடி யாரும் அனுமதி குடுக்கறதில்ல. லேபிள்ல போட்ட அளவுதான் உள்ள இருக்குங்கறதுக்கும் முழு உத்தரவாதம் இல்ல.

இதுல பயப்படாதீங்க, டீயும் வெங்காயமும் ஆப்பிளும் சாப்பிடறதுல வர்ற ஃப்ளேவனாய்டுக்கு இந்தப் பேச்சு இல்ல. கேப்ஸ்யூல்ல இருக்கற செறிஞ்ச அளவுதான் பிரச்சனை.

மெதுநடை:
நான் ரத்தம் கட்டாம இருக்க க்ளோபிடோக்ரெல் போடறேன் மேடம். அந்த கேப்ஸ்யூல இப்ப எடுக்கறதில்ல, ஆனா எடுத்தப்ப டாக்டர்கிட்ட சொல்லல. சொல்லணும்னு யாரும் சொல்லலையே. தம்பி, நீங்க அப்பாவோட டாக்டர்கிட்ட டப்பாவையே எடுத்துட்டுப் போய் காட்டுங்க.

கடல்காற்று:
நன்றி எல்லாருக்கும். டப்பாவ தெறக்கல, அப்படியே வச்சிருக்கேன், அடுத்த தடவை நியூராலஜிஸ்ட்ட காட்டறேன். பிசியோ அக்கா, நீங்க சொன்ன மாதிரி மேசை ஓரத்துல கைய வச்சு பாத்தோம். மணிக்கட்டு லேசா மேல வருது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் துளி பிரியுது, மத்த மூணும் அசையல. இறுக்கமா இருக்கும்போது வரல, கொஞ்ச நேரம் மெதுவா நீட்டி விட்டதுக்கு அப்புறம் வந்துச்சு. இது போதுமா அந்த பயிற்சிக்கு?

பிசியோ_அக்கா:
கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வருதுன்னா அது ரொம்ப நல்ல சேதி தம்பி, பொருள புடிக்கறதுக்கு அந்த ரெண்டுதான் மொதல்ல வேணும். எக்ஸைட் ஆய்வுல நல்ல அசைவு இருந்த பிரிவுக்கு மணிக்கட்டு 20 டிகிரி, விரல் 10 டிகிரி விரியணும், அதுக்கும் கீழ இருந்தவங்களுக்கு 10 டிகிரி மணிக்கட்டுன்னு தளர்த்தின விதியும் வச்சிருந்தாங்க. அத உங்க பிசியோ நேர்ல அளந்து சொல்லட்டும், இங்க எழுதினத மட்டும் வச்சு நான் சொல்லக் கூடாது. உறை போட்டு பூட்டறத நீங்களா வீட்டுல ஆரம்பிக்காதீங்க, நடை இன்னும் உறுதியாகல, வாக்கர புடிக்க நல்ல கை வேணும், விழுந்துடுவாரு. அது வரைக்கும் உக்காந்த எடத்துல செய்யறதா பாத்துக்கோங்க: நீட்டி விட்டு இறுக்கம் தளர்ந்த உடனே, ஒரு துணிய மேசையில முன்னாடி தள்ளி தள்ளி விரிக்கறது, சின்ன ஸ்பாஞ்ச கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமா புடிச்சு விடறது. புடிக்கறத விட விடறதுதான் அவருக்கு கஷ்டமா இருக்கும், நேரத்த அதுல போடுங்க. தோள்பட்டையில வலி வந்தா அங்கயே நிறுத்திட்டு பிசியோகிட்ட கேளுங்க. இறுக்கம் ரொம்ப தடுத்தா பாட்டுலினம் ஊசி பத்தியும் நியூராலஜிஸ்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க, தசை இறுக்கத்த கொறைக்கும்னு அதுக்கு கன்ட்ரோல் குரூப் வச்ச ஆய்வுங்களே நெறைய இருக்கு.

மருந்துச்சீட்டு:
அந்த ஊசி பேச்சு எடுக்கும்போது அபிக்ஸாபான் எடுக்கறாருன்னு மறக்காம சொல்லிடுங்க. ஊசிக்காக நீங்களா ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க, நிறுத்தணுமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்.